மூன்று பேர் விரதம்

சீஜின்
1976 மார்ச் 4

அ-யின் அப்பாவுக்கு,

பி-யூன் எழுதுவது. குழந்தையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீங்கள் பொறுமையில்லாமல் கடைசிப் பக்கத்தைத் திருப்புவீர்கள். அ-யினுக்கு வயிற்றில் கட்டி. இடப்பக்கம், விலா எலும்புக்குக் கீழே. குளிப்பாட்டும்போது கையில் தட்டுப்பட்டது. மூன்று நாள் உடம்பு சூடு என்று நினைத்துப் பச்சைப்பயறு கஞ்சி கொடுத்த முட்டாள் நான். படகேறி காவ்சியுங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு அறுத்து எடுக்க வேண்டுமாம். ஏழு வயதுப் பிள்ளையை எப்படி அறுப்பீர்கள் என்று கேட்டேன். "பெரியவங்களை அறுக்கிற மாதிரிதான்மா" என்றார் டாக்டர். நல்லவர்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

அடுத்து சொல்லப்போவதற்கு நீங்கள் கோபப்படுவீர்கள். குவான்யின் தாயார் கோவிலுக்குப் போய் நேர்ந்துகொண்டேன். அ-யின் தன் காலால் நடந்து நம் வீட்டு வாசலுக்கு வரும் வரை நான் கவுச்சி தொடமாட்டேன் என்று சொல்லி, சம்மதம் கேட்டுப் பிறைக்கட்டைகள் இரண்டையும் போட்டேன். இரண்டும் கவிழ்ந்து விழுந்தன. முடியாது என்றாள். நானும் குழந்தையும் என்றேன். அதற்கும் முடியாது என்றாள். பிறகு என் வாய் தானாகச் சொன்னது, நாங்கள் மூன்று பேரும் என்று. ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து விழுந்தது. திரும்பப் போட்டேன், அதே. மூன்றாம் முறையும் அதே. இதற்கு மேல் அவள் எப்படிச் சம்மதம் சொல்வாள்?

உங்களைக் கேட்காமல் உங்கள் வாயைக் கட்டிவிட்டேன். மீன், இறைச்சி, முட்டை கூடாது. பூண்டு, வெங்காயம், பூண்டுத்தாள் கூடாது. மூன்று பேரும் ஒரே வேண்டுதல், ஒருவர் தவறினால் மூன்று பேரும் தவறியதுதான். உங்கள் அக்கா ஹுவா மீன்கடையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

பி-யூன்

*

சமோவா துறைமுகம்
1976 மார்ச் 29

பி-யூனுக்கு,

இரண்டு மாதம் கழித்துக் கரைக்கு வந்தேன், ஏஜெண்ட் உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார். வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு மீன்வலைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீ செய்தது சரியில்லை. குழந்தைக்காக என்றால் என் தலையைக்கூட நேர்ந்துகொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் சூரை பிடிக்கிற கப்பலில் இருப்பவனுக்குச் சைவம் நேர்ந்துகொள்ளப் பெண்டாட்டியால் மட்டும்தான் முடியும். இங்கே காலையில் மீன், மதியம் மீன், இரவு மீன், மாறுதலுக்குப் பன்றிக்கொழுப்பில் வறுத்த மீன். காய்கறி முதல் மாதத்தோடு சரி. அந்தத் தாயாருக்கு இது தெரியுமா என்று நீ ஒரு முறை கட்டை போட்டுக் கேட்டிருக்கலாம்.

சமையல்காரர் லாயிடம் சொன்னேன். மனிதர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் பொண்டாட்டி உன்னைக் கடலுக்கு அனுப்பினாளா, மடத்துக்கு அனுப்பினாளா?" என்றார். கப்பலில் பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

சிரித்து முடித்துவிட்டுச் சீனக் கடைக்குப் போய் நாற்பது முட்டைக்கோஸ், இரண்டு ஜாடி புளித்த சோயாக்கட்டி, முள்ளங்கி ஊறுகாய், ஒரு மூட்டை வேர்க்கடலை வாங்கி ஏற்றிவிட்டேன். லாய் எனக்கென்று ஒரு சிறிய வாணலியை ஒதுக்கியிருக்கிறார். திட்டிக்கொண்டேதான் ஒதுக்கினார். நாளை முதல் நாள். போய் அவளிடம் சொல், தியென்-ஃபா ஒப்புக்கொண்டான் என்று. அ-யினிடமும் சொல்.

கட்டி எவ்வளவு பெரிது என்று நீ எழுதவில்லை. எழுது.

தியென்-ஃபா

*

கடலில்
1976 ஏப்ரல் 25

பி-யூனுக்கு,

நம் கம்பெனியின் இன்னொரு கப்பல் இயந்திரம் கெட்டுத் துறைமுகத்துக்குத் திரும்புகிறது. அதில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர்கள் கயிறு வீசும் வரைக்கும்தான் நேரம்.

இன்று இருபத்தேழாவது நாள். தவறவில்லை. எல்லோரும் என்னைச் சாமியார் என்று கூப்பிடுகிறார்கள். கோஸில் பாதி அழுகிவிட்டது. வெளி இலைகளை உரித்துப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும் மஞ்சள் குருத்தைத் தின்கிறேன். முதல் வாரம் சோறு எவ்வளவு தின்றாலும் வயிறு நிறையவில்லை. கனவில் நம் தெருமுனைக் கடைப் பன்றி இறைச்சிச் சோறு வந்தது. முழித்த பிறகு கனவில் தின்றது கணக்கில் சேருமா என்று பயந்தேன். இப்போது பசி பழகிவிட்டது. ஆனால் தூண்டில் கயிற்றை இழுக்கும்போது பத்து மணி நேரத்துக்குப் பிறகு முழங்கால் நடுங்குகிறது. கேப்டன் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

கஷ்டம் பசியில்லை. கையெல்லாம் மீன் ரத்தம், மூக்கெல்லாம் மீன், ஒரு நாளைக்கு நூறு மீனுக்குக் குடல் எடுக்கிறேன். வாய் மட்டும் கோவிலில் இருக்கிறது.

கயிறு வந்துவிட்டது. கட்டி எவ்வளவு பெரிது?

தியென்-ஃபா

*

சீஜின்
1976 மே 14

அ-யின் அப்பாவுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டாவதில் மீன் வாடை. அ-யின் அதை மூக்கில் வைத்துக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தாள்.

கட்டி என் கைமுட்டி அளவு. மருந்துக்குக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். ஜூன் மூன்றாம் தேதி அறுக்கிறார்கள். முடி எல்லாம் கொட்டிவிட்டது. உங்கள் அக்கா ஒரு சிவப்புத் தொப்பி பின்னிக் கொடுத்தாள்.

நீங்கள் முழங்கால் நடுங்குகிறது என்று எழுதியதைப் படித்துவிட்டுக் கோவிலுக்கு ஓடினேன். அங்கே இருக்கும் மூத்த துறவியம்மாவிடம் கேட்டேன். கப்பலில் வேறு வழியில்லையென்றால் இறைச்சிப் பானையின் ஓரத்தில் கிடக்கும் காய்களை எடுத்துச் சாப்பிடலாம், சாறு பட்டிருந்தால் குற்றமில்லை என்றார். அதனால் லாயின் பானையிலிருந்து காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். மீனைத் தொடாதீர்கள், அவ்வளவுதான்.

சோயாத் தோலில் செய்த பொய் மீன் ஒன்று சந்தையில் விற்கிறார்கள், கடல்பாசியைத் தோல் மாதிரி ஒட்டியிருப்பார்கள். வாங்கி வறுத்தேன். அ-யின் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா, இந்த மீன் நீந்தவே இல்லை" என்றாள். நீங்கள் போனதிலிருந்து உங்களைப் போலவே பேசுகிறாள். அப்பாவும் மீன் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். யோசித்தாள். "அப்ப அவ்வளவு மீனும் யாருக்கு?" என்றாள். பிறகு அவளே ஒரு ஒப்பந்தம் போட்டாள். அதை அப்படியே எழுதச் சொன்னாள்: "அப்பா சாப்பிடாத வரைக்கும் நானும் கேக்கமாட்டேன். அப்பா சாப்பிட்டா அன்னிக்கே எனக்குச் சொல்லணும். ஏமாத்தக் கூடாது."

எழுதிவிட்டேன்.

பி-யூன்

*

சமோவா துறைமுகம்
1976 ஜூன் 13

பி-யூனுக்கு,

நேற்றுக் கரைக்கு வந்தோம். நல்ல மீன்பாடு, கிடங்கு நிறைந்துவிட்டது. உன் கடிதம் வந்து காத்திருந்தது. இந்நேரம் அறுவை முடிந்து பத்து நாளாகியிருக்கும். நல்லபடியாக முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், மனது சொல்கிறது.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. முழங்கால் நடுக்கமெல்லாம் போய்விட்டது. லாய் கூட, சாமியாருக்குக் கன்னம் வந்துவிட்டது என்கிறார். மே மாதம் கோஸ் தீர்ந்தது, ஆனால் எப்படியோ சமாளித்தாயிற்று, அதையெல்லாம் எழுதினால் நீளும். விரதம் விரதமாகவே இருக்கிறது. அ-யினிடம் சொல், அப்பா ஒரு துண்டுகூடத் தொடவில்லை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று.

இந்த முறை சீக்கிரம் கிளம்புகிறோம். திரும்பி வர ஆகஸ்ட் கடைசி ஆகும். அவளுக்கு ஒரு பெரிய சங்கு வாங்கியிருக்கிறேன். காதில் வைத்தால் கடல் கேட்கும் என்று சொல்வார்கள். கேட்டுப் பார்த்தேன், எனக்குக் கப்பல் இயந்திரம்தான் கேட்டது.

தியென்-ஃபா

*

காவ்சியுங், ஆஸ்பத்திரி
1976 ஜூலை 20

அ-யின் அப்பாவுக்கு,

இது உங்கள் கைக்கு வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று தெரியும். யாரிடமாவது சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். ஆனால் தையல் ஆறவில்லை. ஆறு வாரமாகியும் ஓரத்தில் நீர் வடிகிறது. நுரையீரலிலும் ஏதோ புள்ளிகள் இருப்பதாக டாக்டர் படத்தைக் காட்டினார். எனக்கு எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத்தான் தெரிந்தது.

இந்த வார்டில் அறுவை ஆனவர்கள் எல்லோருக்கும் கொடுவா மீன் சூப் வருகிறது. உங்களுக்குத் தெரியாததா, புண் ஆற அதைவிட வேறென்ன இருக்கிறது. பக்கத்துக் கட்டில் பையனுக்கு அவன் அம்மா தினமும் கொண்டுவருகிறாள். மூடியைத் திறந்ததும் இஞ்சி வாசனை வார்டு முழுக்கப் பரவும். அ-யின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவன் பத்து நாளில் நடந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

போன வாரம் உங்கள் அக்கா கடையிலிருந்தே ஒரு கொடுவாவை எடுத்து, சூப் வைத்து பிளாஸ்கில் கொண்டுவந்தாள். வேண்டாம் அண்ணி என்றேன். "பச்சப் புள்ள குடிச்சா எந்தச் சாமிடி கோச்சுக்கும்? உன் வேண்டுதலைத் தூக்கி ஒடப்புல போடு" என்றாள். அ-யின் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை, பிளாஸ்கை மட்டும் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அம்மா, அப்பா சாப்பிட்டாச்சான்னு கடுதாசி வந்துதா?" என்றாள்.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் என் பையில்தான் இருந்தது. அதை எடுத்துப் படித்துக் காட்டினேன். அப்பா ஒரு துண்டுகூடத் தொடவில்லை, ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அக்கா அழுதுகொண்டே போனாள். சூப்பைத் தாழ்வாரத் தொட்டியில் நான்தான் கொட்டினேன்.

கடலில் நீங்கள் வாயைக் கட்டி நிற்கிறீர்கள். கரையில் நான் கை தவறக் கூடாது. அதை நினைத்துத்தான் என்னால் கொட்ட முடிந்தது. உங்கள் கடிதம் இல்லையென்றால் அன்றைக்குக் கொடுத்திருப்பேன்.

பி-யூன்

*

சீஜின்
1976 ஆகஸ்ட் 10

அ-யின் அப்பாவுக்கு,

கம்பெனி ஆபீசில் சொல்லிக் கப்பலுக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். வந்து சேர்ந்திருக்கும். ஆகஸ்ட் இரண்டாம் தேதி, காலை, நர்ஸ் போர்வை மாற்றிக்கொண்டிருந்தபோது. நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன்.

கடைசி ஒன்பது நாள் அவள் கேட்டாள். அதற்கு முன்பு கேட்டதே இல்லை. காய்ச்சலில் ஒப்பந்தம் மறந்துவிட்டது போல. ஒரு வாய் போதும்மா என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்று நான் ஒன்பது முறை சொன்னேன்.

பெற்றவர்கள் பிள்ளையை இடுகாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று என்னை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். உங்கள் அக்காவும் இரண்டு ஆட்களும் எடுத்துப் போனார்கள். குன்றுக்குப் பின்னால், கலங்கரை விளக்கம் தெரியும் இடம் என்றாள் அக்கா. நான் இன்னும் பார்க்கவில்லை. சிவப்புத் தொப்பி போட்டுத்தான் அனுப்பினேன்.

பி-யூன்

*

சமோவா துறைமுகம்
1976 ஆகஸ்ட் 29

பி-யூனுக்கு,

செய்தி கப்பலுக்கு ஆகஸ்ட் நான்காம் தேதி வந்தது. ரேடியோக்காரன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான். மகள் இறந்தாள், அடக்கம் முடிந்தது, அவ்வளவுதான் அதில் இருந்தது. இருபத்தைந்து நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூண்டில் இழுத்தேன். நேற்று உன் இரண்டு கடிதங்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஜூலை மாதத்தை முதலில் படித்தேன்.

இதை எழுதாமலேயே இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. லாய் கூடச் சொன்னார், "செத்தது செத்தாச்சு, அவளையும் ஏன்டா கொல்ற?" என்று. நீ அந்தத் தொட்டியில் கொட்டியதைப் படித்த பிறகு என்னால் அப்படி இருக்க முடியவில்லை.

மே பதினொன்றாம் தேதி நான் சாப்பிட்டேன். நாற்பத்து மூன்றாவது நாள். கோஸ் தீர்ந்து பத்து நாளாகியிருந்தது. வேர்க்கடலையில் பூசணம் பிடித்துவிட்டது. சோறும் சோயாச்சாறும்தான். ஆனால் பசியைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மயங்கி விழுந்த என் வாயில் யாரும் ஊற்றவில்லை. பெரிய சூரை ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தேன், வயிற்றுப் பக்கத்துச் சதை கத்தியோடு வந்தது, இன்னும் சூடு ஆறவில்லை, எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். ருசியாக இருந்தது, பி-யூன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு ருசியாக இருந்தது. நின்றபடியே அந்தப் பக்கம் முழுவதையும் தின்றேன். மறுநாள் லாயின் பானையிலிருந்து எல்லோரையும் போலத் தின்றேன். அதற்குப் பிறகு என்றுமே நிறுத்தவில்லை.

ஜூன் மாதம் கரைக்கு வந்து, ஏமாத்தக் கூடாது என்று அவள் சொன்னதை உன் கையெழுத்தில் படித்தேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அறுவை முடிந்திருக்கும், அவள் பிழைத்திருப்பாள், பிழைத்த பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். தவறியது தெரிந்தால் நீ உடைந்துபோவாய் என்று நினைத்தேன். அதையே எனக்கு நல்ல காரணமாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் உனக்குப் பயந்தேன். வயிறு நிறைய மீனைத் தின்றுவிட்டு, ஒரு துண்டுகூடத் தொடவில்லை என்று எழுதினேன்.

அந்தக் கடிதத்தை நீ அவளுக்கு இரண்டு முறை படித்தாய்.

நீ ஜூலையில் காப்பாற்றிய விரதம் மே மாதமே செத்துவிட்டது. நான் சொல்லியிருந்தால் நீ கொடுத்திருப்பாய். அவள் குடித்திருப்பாள். பிழைத்திருப்பாளா என்று கேட்க எனக்கு வாயில்லை.

கம்பெனி ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. வரச் சொன்னால் நடுவிலேயே வந்துவிடுகிறேன். வராதே என்றால் இங்கேயே இருந்துவிடுகிறேன். நீ சொல்.

தியென்-ஃபா

*

சீஜின்
1976 செப்டம்பர் 19

குவோ தியென்-ஃபாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மேலே வேறு எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் பெயரை எழுதியிருக்கிறேன்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். சூப் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்றார். புள்ளிகள் மார்ச் மாதமே இருந்திருக்கும் என்றார். நம்புகிறேன். உங்கள் மேல் கொலைப்பழி போட எனக்கு எண்ணமில்லை. ஆனால் பிழைப்பதற்காக மட்டும் யாரும் சூப் குடிப்பதில்லை. அவளுக்கு ஆசையாக இருந்தது. ஒன்பது நாள் ஆசையாக இருந்தது. அதைத் தடுக்க என்னிடம் இருந்தது உங்கள் ஒரு வரிதான்.

கோவிலுக்கும் போனேன். உங்கள் மேல் தப்பா, என் மேல் தப்பா என்று கேட்டுக் கட்டையைப் போட்டேன். இரண்டும் மல்லாந்து விழுந்தன. அப்படி விழுந்தால் தாயார் பதில் சொல்லாமல் சிரிக்கிறாள் என்பார்களே, அதுதான். மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் சிரித்தாள். கட்டைகளை மேடையில் திரும்ப வைக்காமல் வந்துவிட்டேன்.

நான் இன்னும் சைவம்தான். அவள் நடந்து வீட்டு வாசலுக்கு வரும் வரை என்று சொல்லியிருந்தேன். அவள் வரவில்லை. அதனால் என்னுடையது முடியவில்லை. பக்தியெல்லாம் இல்லை, வேறு எதையும் தொட மனம் வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் சாப்பிடுங்கள். ஒப்பந்தம் முடித்துவிட்டு வாருங்கள், நடுவில் வர வேண்டாம். நீங்கள் வந்தால் மீன் வாங்கிச் சமைத்துப் போடுவேன். அந்த மேசையில் நான் உட்காரமாட்டேன்.

நேற்று உங்கள் அக்கா கடைக்குப் போய் ஒரு கொடுவா கேட்டேன். அவள் உயிரோடு இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். இஞ்சியை நூல் நூலாக நறுக்கி, சூப் வைத்தேன். ஆறு மாதத்துக்குப் பிறகு என் கையில் மீன். பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பும்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது. "பெரியவங்க சின்னதுக்குப் படைக்கக் கூடாதுடி, அதுக்குத்தான் பாவம் சேரும்" என்று கையைப் பிடித்தாள். படைக்கவில்லை அண்ணி, சாப்பாடு கொண்டுபோகிறேன் என்றேன். கையை விட்டுவிட்டாள். வழி மட்டும் காட்டினாள்.

குன்றுக்குப் பின்னால் போனேன். இடம் சின்னது. கலங்கரை விளக்கம் தெரிகிறது, அக்கா பொய் சொல்லவில்லை. கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். நீங்கள் சாப்பிட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றுதானே கேட்டிருந்தாள். தாமதம்தான். ஆனாலும் சொல்ல வேண்டுமே. உங்கள் கடிதத்தை எடுத்து, மே பதினொன்றாம் தேதி நான் சாப்பிட்டேன் என்ற இடத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். ருசியாக இருந்தது என்பதையும் படித்தேன். அப்பா சாப்பிட்டுட்டாரு அ-யின், இனி நீயும் சாப்பிடலாம் என்றேன்.

சூப் ஆறுவதற்குள் படித்து முடித்துவிட்டேன்.

பி-யூன்